தினமும் புது உமி

ஜூன் 14, வெள்ளி

இந்த நோட்டு மெர்லின் கொடுத்தது. எலி அறைக்குள் காலையில் கால் வைத்ததிலிருந்து கதவைப் பூட்டுகிறவரை நான் என்னென்ன செய்கிறேனோ அத்தனையும் எழுத வேண்டுமாம்.

"ஒண்ணையும் விட்டுராதீங்கம்மா. ஃபேன் சத்தம் போட்டா எழுதுங்க. கரண்டு போனா எழுதுங்க. நீங்க தும்முனாக்கூட எழுதுங்க."

"நான் எதுக்கு அம்மிணி அங்க போய்த் தும்மறேன்?"

அவள் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பெண் சிரிப்பதில்லை.

இந்த மருந்துக் கல்லூரியின் அனிமல் ஹவுஸில் நான் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். துளசிமணி என்றால் பிரின்சிபால் வரை தெரியும். அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் ஓர் எலிக்கு உடம்பு சரியில்லை என்றால் கூண்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன். படித்தவர்கள் அதை எடை போட்டு, ரத்தம் எடுத்து, மூன்று நாள் கழித்துச் சொல்வார்கள்.

மெர்லின் மார்த்தாண்டத்துப் பெண். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுகிறாள். மனசு சோர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை சிலபேருக்குக் கேட்கிறது, சிலபேருக்குக் கேட்பதில்லை. ஏன் என்பதை எலியை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள்.

மொத்தம் பன்னிரண்டு கூண்டு. கூண்டுக்கு மூன்று வெள்ளைச் சுண்டெலி. முதல் மூன்று வாரம், திரும்பக்கூட இடமில்லாத குழாய்க்குள் ஒவ்வொன்றையும் தினமும் இரண்டு மணி நேரம் அடைத்து வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. மூன்று வாரத்தில் எலி மனசு விட்டுவிடும். உடம்பை நக்கிச் சுத்தம் பண்ணாது. வெறும் தண்ணீர் ஒரு பாட்டில், சர்க்கரைத் தண்ணீர் ஒரு பாட்டில் மாட்டினால் நல்ல எலி சர்க்கரைக்கு ஓடும். மனசு விட்ட எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கப்புறம் குழாயை நிறுத்திவிட்டு, வலது பக்க ரேக்கில் இருக்கிற ஆறு கூண்டுக்கு மருந்து ஆரம்பித்தாள். இடது பக்க ஆறு கூண்டுக்கு வெறும் தண்ணீர். நாலு வாரத்தில் வலது பக்கம் மட்டும் தேறி, சர்க்கரைக்கு ஓட வேண்டும்.

மூன்றாவது வாரம் முடியப் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. போன வருஷம் இதே மருந்துக்கு இதே சாதி எலி மூன்று வாரத்தில் தேறியது.

நோட்டை அவ்வப்போது பார்க்கலாமா என்று கேட்டாள். முழுசாக எழுதி முடித்துத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அரைகுறையாக எதையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

ஜூன் 15, சனி

6.40 வந்தேன். ஃபேன் சரி. சூடு 24. தீனி, தண்ணீர் பார்த்தேன். கூண்டு வேலை முடித்தேன். தும்மவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்துவின் முறை. அவனை நம்பி விட முடியுமா? நானும் ஒரு மணி நேரம் போய்க் கூண்டு வேலையை முடித்துவிட்டு வந்தேன். "அக்கா, எலிகளுக்கே லீவு இருக்குது, உங்களுக்கு இல்லீங்களா?" என்று கேட்டான். வாயைப் பார்.

எலி அறையைப் பற்றி எழுத இதற்கு மேல் இல்லை. பக்கம் பாதி காலியாகக் கிடக்கிறது. வீட்டைப் பற்றி எழுதுகிறேன். மெர்லினுக்கு வேண்டாமென்றால் தாண்டிப் போகட்டும்.

என் மகள் கோகிலா ஜூன் முதல் தேதியிலிருந்து என்னிடம் இருக்கிறாள். அஞ்சு மாசக் குழந்தை. குழந்தை பிறந்ததிலிருந்தே அவள் சரியில்லை. பேச்சில்லை, சாப்பாடில்லை, குழந்தை அழுதால் எழுந்து பால் கொடுப்பாள், அப்புறம் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். ஓசூரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் கோயமுத்தூரில் தனக்குத் தெரிந்த டாக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவரும் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். ஜூலை 12.

மாப்பிள்ளை அவளை விட்டுவிட்டு ஓசூருக்குக் கிளம்பும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அதுக்குள்ள சரியாகலீன்னா இவள ஆஸ்பத்திரியில சேர்த்திரலாங்க அத்தை. பாப்பாவ எங்கம்மா பாத்துக்கட்டும்."

அஞ்சு மாசக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதா? நான் இருக்கும்போதா? "ஆறே வாரம் மாப்ள. பழைய கோகிலாவா கூட்டீட்டு வந்து உங்க ஊட்டு வாசல்ல விடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவள் நான்.

காலை ஆறு மணிக்கு எழுப்பினேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் உருவி ஊற வைத்தேன். மருந்து சாப்பிடுகிற உடம்பு, அன்றாடம் துவைத்த துணியில்தான் படுக்க வேண்டும். கட்டிலைச் சுவர்ப் பக்கத்திலிருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டேன். ஃபேன் காற்று நேராக விழும்.

"அம்மா, அந்தப் போர்வைய மட்டும் இருக்க உடு."

"நாறுது கண்ணு."

"எனக்கு நாறல."

"உனக்கு மூக்கு அடைச்சுக் கெடக்குது" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். வெறும் மெத்தையில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாய் என்றால் தெரியவில்லை என்கிறாள். போர்வைக்கு யாராவது அழுவார்களா? மாத்திரை இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எனக்கு இன்று வந்த கோபத்துக்கு அளவில்லை.

மெர்லின் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "என்ன சோப்பும்மா போடுதீங்க?"

"காலேஜ்ல குடுக்கற சோப்புதான்."

"பவுடர் ஏதும் பூசுவீங்களா? பூ வெப்பீங்களா?"

"பதினொரு வருஷமா நான் பூ வெக்கறதில்ல அம்மிணி."

அவள் முகம் விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். எலிக்குப் புது வாசனை பட்டால் மிரளும், அதனால்தான் கேட்டாளாம். அது எனக்குத் தெரியாதா? அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நான் எலிக்குச் சோறு போடுகிறேன். என்னை ஓர் எலி இதுவரை கடித்ததில்லை.

உண்மையில் வலது பக்கத்தை நான் பார்க்கிற மாதிரி இந்தக் கல்லூரியில் யாரும் எதையும் பார்த்ததில்லை. சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் திங்கட்கிழமைக்கு மட்டும்தான் கட்டம். வாரத்துக்கு ஒரு முறை, கூண்டில் பரப்பி வைக்கிற உமியை மாற்றி அதில் ஒரு டிக் போட்டால் போதும். அதுவும் பழைய உமியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் புதுக் கூண்டில் போட வேண்டும் என்று ஒரு சட்டம். அழுக்கை எடுத்து அழுக்கிலேயே போடுவதா? இடது பக்கத்துக்கு அந்தச் சட்டம் போதும். வலது பக்கம் மருந்து குடிக்கிறவை. மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து ஆறு கூண்டையும் தினமும் கொட்டி, வெந்நீரில் கழுவித் துடைத்து, புது உமி போட்டு வைக்கிறேன். எட்டரை மணிக்கு மெர்லின் வருவதற்குள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. நான் விளம்பரம் தேடுகிறவளும் இல்லை.

இப்படிப் பார்க்கிறவளிடம் என்ன பவுடர் என்று கேட்கிறாள்.

ஜூன் 21, வெள்ளி

ஃபேனை மாற்றினார்கள். எலி மாறவில்லை.

ஜூன் 22, சனி

வேலைக்கு வந்தால் வீட்டில் கோகிலா என்ன செய்கிறாளோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மணிக்கு ஒரு தடவை போன் போடுகிறேன். எழுந்தாயா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பாப்பா தூங்கினாளா, நீ ஏன் தூங்குகிறாய். இன்று பதினோரு மணிக்கு எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டேன். எட்டாவது தடவை எடுத்து, "உசுரோடதாம்மா இருக்கறேன்" என்றாள்.

பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது?

ஜூன் 24, திங்கள்

நாலு வாரம் முடிந்தது. சர்க்கரைப் பரீட்சை. வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே கணக்கு. மருந்து குடித்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.

மெர்லின் உமி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைடு இன்னும் இரண்டு வாரம் தருகிறாராம். ஜூலை எட்டாம் தேதியும் இப்படியே இருந்தால் இந்த மருந்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார் என்று சொல்லிவிட்டாராம். மூன்று வருஷ உழைப்பு.

"போன வருஷம் கேட்டுச்சும்மா. அதே மருந்து. இப்ப ஏன் கேக்க மாட்டேங்குது?"

எனக்கும் அதுதான் கேள்வி. என் வீட்டிலும் ஒன்று கேட்காமல் கிடக்கிறது.

எலிகளின் வாலில் இருந்து துளித் துளியாக ரத்தம் எடுத்தாள். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். என் கையில் ஒவ்வொன்றும் கிடுகிடுவென்று நடுங்கியது. முன்பெல்லாம் என் கையில் அடங்கிப் படுக்கும்.

ஜூன் 27, வியாழன்

ரத்தத்தின் முடிவு வந்தது. மெர்லின் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பயம் வந்தால், நெருக்கடி வந்தால் உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம். எலிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆபத்து போனதும் அது இறங்கிவிட வேண்டும். இறங்காமல் ஏறியே கிடந்தால் மனசு சோர்ந்துவிடும்.

"அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கும்மா. அது ஏறியே கெடந்தா இந்த மருந்து கேக்காது. நீங்க எவ்வளவு குடுத்தாலும் உடம்பு வாங்கிக்கிடாது."

"இப்ப எந்தப் பக்கம் ஏறிக் கெடக்குது?"

"அதுதாம்மா எனக்குப் புரியல. இடது பக்கம் எறங்கிட்டு. வலது பக்கம் அப்படியே இருக்கு. குழாய நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. ஆனா யாரோ இதுகள தினமும் குழாய்க்குள்ள போட்டுட்டே இருக்க மாதிரி இருக்கு."

யாராக இருக்கும்? செல்லமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ போடுகிறாயா என்று கேட்டேன். "ஏனுங்க்கா, என்றகிட்ட ரேடியோவே இல்லீங்" என்று வாயைப் பிளந்தான். முழிக்கிற முழியே சரியில்லை. இவன்மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

மாப்பிள்ளை போன் செய்தார். "ஏதாவது மாற்றம் தெரியுதுங்களா அத்தை?"

"நல்லாச் சாப்புடறா மாப்ள. நேத்து சிரிச்சாக்கூட."

திரும்பிப் பார்த்தால் கோகிலா கதவருகே நின்றிருந்தாள். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தேன், சின்னதிலிருந்து அவளுக்கு உயிர். தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்று, அப்படியே திரும்ப வைத்துவிட்டாள்.

நான் யாருக்காக இதெல்லாம் செய்கிறேன்? கெரகம்.

ஜூன் 30, ஞாயிறு

விரிப்புகளை அலசும்போது துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டு ஒரு வாரம் கை அசைக்கக் கூடாது என்கிறார்கள். எலி அறையை ஒரு வாரம் செல்லமுத்து கையில் விட வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

ஒரு நன்மை. நாள் முழுக்க கோகிலா பக்கத்தில் இருக்கலாம்.

ஜூலை 2, செவ்வாய்

ஒரு கையாலேயே அறையைக் கூட்டி, பாப்பாவின் துணிகளை இன்னொரு அலமாரிக்கு மாற்றினேன். கோகிலாவுக்குத் தலை வாரிவிட்டேன். ஒரு நாற்காலியைக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து, என்ன குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை என்றாள். பின்னே ஏன் இப்படி இருக்கிறாய் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். பகலில் தூங்கினால் உடம்பு ஊதும் என்று எழுப்பி உட்கார வைத்தேன். வெயில் தாழ இன்னொரு தடவை கேட்டேன்.

ஜூலை 3, புதன்

நேற்றைப் போலவே. பாப்பாவைத் தூக்கவும் வர மாட்டேன் என்கிறாள். இங்கே வந்த பிறகு மட்டும் மாத்திரை போட்டு ஐந்து வாரத்துக்குக் கிட்டே ஆகிறது. இவ்வளவு பெரிய டாக்டர், இவ்வளவு மோசமான மாத்திரையா?

ஜூலை 5, வெள்ளி

குளிக்கப் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தமே இல்லை. கதவை உடைக்க ஆள் கூப்பிடப் போகும்போது திறந்தாள். தலை நனையவில்லை. உடம்பு நனையவில்லை.

"உள்ள என்னடி பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா உக்காந்திருந்தேன்."

"உக்கார்றதுக்கு ஊட்ல வேற எடமா இல்ல?"

அதற்கு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூலை 8, திங்கள்

எலி அறைக்குத் திரும்பினேன். கடைசிப் பரீட்சை இன்றுதான்.

உள்ளே போனதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலது பக்கக் கூண்டுகளில் காகிதத் துணுக்கையும் உமியையும் கடித்துச் சேர்த்து, ஒவ்வொரு மூலையிலும் குருவிக்கூடு மாதிரி கட்டி வைத்திருக்கின்றன. கூண்டுக்குள் நாற்றம்தான். ஆனால் எலிகளின் மேல் மயிர் வெள்ளி மாதிரி படிந்திருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்து தூங்குகின்றன. கம்பியை மெல்லத் தட்டினேன். எழுந்து வந்து மூக்கை நீட்டின.

சர்க்கரைப் பாட்டிலை மாட்டினோம். ஓடி வந்தன. மெர்லின் அளவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டும்மா! மருந்து கேட்டுட்டு!"

சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்குப் பொக்கென்று போயிற்று. பத்தொன்பது வருஷக் கை விழுந்து விழுந்து பார்த்தபோது தேறாதவை, இந்தச் சோம்பேறி பார்த்து ஒரு வாரத்தில் தேறுவதா?

மெர்லின் செல்லமுத்துவைக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்த ஒரு வாரத்துல நீங்க என்ன பண்ணுனீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

அவன் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நடுங்கிப் போனான். "நான் ஒண்ணுமே பண்ணலீங் மேடம்."

"பயப்படாதீங்க. என்னதான் பண்ணுனீங்க?"

"நெசமாலுமே ஒண்ணும் பண்ணலீங். திங்கக்கெழம சட்டத்துல இருக்கறபடி பழைய உமில ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு மாத்துனேன். மத்த நாளு தீனி, தண்ணி பாத்துப்போட்டுக் கதவச் சாத்தீட்டு வந்துட்டேனுங். அதுக பாட்டுக்கு அதுக இருந்துச்சு."

மெர்லின் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை.

இன்றும் திங்கட்கிழமை. கூண்டைக் கழுவ எடுத்தேன். மூலையில் அந்தக் கூட்டுக்குள் மூன்றும் ஒண்டிக்கொண்டு கிடந்தன. என் கை உள்ளே போனதும் மூன்றும் அதிர்ந்து எதிர் மூலைக்கு ஓடி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன.

இன்றைய கூண்டு வேலையைச் செல்லமுத்துவைச் செய்யச் சொன்னேன். கை வலி.

ஜூலை 9, செவ்வாய்

மெர்லின் கண்டுபிடித்துவிட்டாளாம். ஜூலை முதல் தேதி புதுப் புட்டி மருந்து திறந்தாளாம். பழைய புட்டி கெட்டுப் போயிருக்க வேண்டும், புதுப் புட்டிதான் வேலை செய்திருக்கிறது. நாளை மறுநாள் கைடிடம் அப்படியே எழுதிக் கொடுக்கப் போகிறாள்.

"போன வருஷம் நல்ல புட்டியா இருந்திருக்கும்" என்றாள்.

நான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அந்த எலிகள் மருந்து குடித்த மாசத்தில் நான் இங்கே இல்லை. கோகிலா மசக்கையில் படுத்திருந்தாள் என்று லீவு போட்டிருந்தேன். செல்லமுத்துதான் இருந்தான்.

சொல்லவில்லை. ஒரே பாட்டிலை மூன்று தடவை கழுவினேன்.

ஜூலை 10, புதன்

சொல்லிவிட்டேன். நானாகப் போய்ச் சொன்னேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"புட்டியில ஒண்ணும் இல்ல அம்மிணி. வலது பக்கத்துக்கு நான் தினமும் உமி மாத்துனேன்."

"தினமும்னா?"

"தினமும்னா தினமும்தான். ஞாயித்துக்கெழமையும் சேத்தி."

"பழைய உமி ஒரு கைப்பிடி போட்டீங்கள்லா?"

"போடல. அழுக்கை எதுக்குப் போடறது?"

"எப்பலேருந்தும்மா?"

"நீ மருந்து ஆரம்பிச்ச அன்னைலேருந்து."

மெர்லின் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையில் இருந்த பேனாவை மேஜைமேல் வைத்தாள். விரல்களால் வாரங்களை எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். முப்பத்தாறு எலி. திரும்பவும் குழாய்ல போடணும். என்னால தனியா கணக்குல காட்ட முடியாதும்மா இத. மருந்து ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு எப்படிப் பிரிப்பேன்?"

"நல்லதுக்குத்தான கண்ணு பண்ணுனேன்?"

"எலிக்கு அது தெரியாதேம்மா."

அவளே பேசிக்கொண்டு போனாள். அந்த நாற்றம்தான் எலிக்கு வீடாம். ராத்திரியெல்லாம் கடித்துச் சேர்த்து, தன் வாசனையைத் தடவி, இது நம் இடம் என்று கொஞ்சம் நம்பிக்கை வருகிற நேரத்தில் விடிந்துவிடும். ஒரு பெரிய கை வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகும். மறுநாளும். அதற்கு மறுநாளும். "அது நல்ல கைன்னு அதுக்கு யாரு சொல்லுவா? எப்பம்மா அந்த ஹார்மோன் எறங்கும்? மருந்து எப்படிக் கேக்கும்?"

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த நோட்டை இப்போதே கொடுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து தருகிறேன் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

காலையில் கோகிலாவின் அறைக்குப் போகவில்லை. விரிப்பை உருவவில்லை. கட்டில் நடுவில்தான் கிடக்கிறது. இழுத்துச் சுவரோரம் போட நினைத்து, அதையும் செய்யாமல் விட்டேன்.

வேலையில் இருக்கும்போது போன் போடவில்லை. எட்டு மணிக்குக் கை போயிற்று. ஒன்பது மணிக்கும் போயிற்று. போனைச் செல்லமுத்துவிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்றேன். பத்து மணிக்குக் கேட்டேன். தர மாட்டேன் என்று ஓடிவிட்டான், தடிமாடு.

பன்னிரண்டரை மணிக்கு அவனே ஓடி வந்தான். "அக்கா, பாப்பா அம்மா கூப்புடறாங்."

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" கோகிலா கேட்டாள். "காலைலேருந்து போனே வர்ல."

"வேலை ஜாஸ்தி."

"ஓ" என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பாப்பா ஏதோ சத்தம் கொடுத்தாள். "செரிம்மா" என்று வைத்தாள்.

ஜூலை 12, வெள்ளி

ஆஸ்பத்திரி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் இருந்தார், டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

டாக்டர் கோகிலாவிடம் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டார். தூக்கம்? இல்லை. பசி? இல்லை. குழந்தையைப் பார்த்தால்? தெரியவில்லை. எழுதிக்கொண்டே வந்து, "இந்த மாத்திரை இவங்களுக்குக் கேக்கல. வேற மாத்தி, ரெண்டு மூணு வாரம் இங்கயே சேர்த்துப் பாக்கலாம்" என்றார்.

"நான் சொன்னேனில்லீங்களா அத்தை" என்றது போன். "பாப்பாவ இந்த ஞாயித்துக்கெழமை வந்து கூட்டீட்டுப் போறேன். அம்மா ரெடியா இருக்காங்க."

கோகிலா மடியில் இருந்த குழந்தையின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல் வெளுத்துப் போயிற்று.

"மாத்திரைய மாத்தாதீங்க" என்றேன்.

"ஆறு வாரம் பாத்தாச்சேம்மா."

"ஒரு நாளும் பாக்கலீங் சார்."

"ஏன், மாத்திரை விட்டுப் போச்சா?"

"மாத்திரை ஒரு வேளை தப்பல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பின்னே?"

வலது பக்க ரேக்கிலிருந்து ஆரம்பித்தேன். குழாய், உமி, ரத்தத்தில் ஏறிய ஹார்மோன், எல்லாம் சொன்னேன். அவர் நடுவில் மறிக்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், ஆனாலும் மறிக்கவில்லை. ரேக்கிலிருந்து எங்கே போய் முடித்தேன் என்பதை எழுத மாட்டேன். இந்த நோட்டு மெர்லின் கைக்குப் போகிறது, அவளுக்கு எலி சமாசாரம் போதும். மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்குப் போனில், நேற்று சிரித்தாள் என்று சொன்னது பொய் என்றும் அவரிடம் சொன்னேன்.

நான் பேசி முடிக்கிறவரை கோகிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோய் உங்களால வரலீங்கம்மா" என்றார் டாக்டர். "அது பிரசவத்தோட வந்தது. அதை மனசுல போட்டுக்காதீங்க." அப்புறம் கோகிலா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எங்க இருந்தா உங்களுக்குப் பரவால்ல?"

நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயம்.

"ஊட்லயே இருக்கறேன். பாப்பா என்றகிட்டயே இருக்கட்டும்" என்றாள். "எனக்குக் கதவச் சாத்தி வெச்சுக்கோணும். அவ்வளவுதான்."

"தாழ்ப்பாள் வேண்டாம். சாத்தி வெச்சுக்கங்க" என்றார். நாலு வாரம் கொடுத்திருக்கிறார். அதே மாத்திரை, அதே அளவு. வாரம் ஒரு தடவை அவளைத் தனியாக வந்து பார்க்கச் சொன்னார். தனியாக என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை நாலு வாரத்துக்குச் சம்மதித்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றும் சொன்னார். நாலு வாரத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. நான் ஜன்னலோரம் நகர்ந்து, குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, அந்தப் பக்கம் நான் உக்காந்துக்கட்டுமா?" என்றாள் கோகிலா.

அந்தப் போர்வைக்கு அப்புறம் அவள் வாயால் எனக்கு இது வேண்டும் என்று என்னிடம் கேட்டது இதுதான் முதல். எழுந்து இடம் கொடுத்தேன்.

பஸ் பைபாஸ் ஏறியதும் காற்று அடித்தது. சீவாத தலைமயிர் பறந்து அவள் முகமெல்லாம் விழுந்தது. காதில் காற்று புகுந்தால் சளி பிடிக்கும், பால் கொடுக்கிற உடம்பு. ஷட்டரை இறக்கக் கையைத் தூக்கிவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு அவள் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளியே காட்டினாள்.

கையை மடக்கிப் பாப்பாவின் முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எங்கள் ஸ்டாப் வருகிறவரை எடுக்கவில்லை.